காலியாக இருந்த பெட்டகம்

ஒரு பூட்டு வாங்கினால் இரண்டு சாவிகள் தருகிறார்கள். ஒன்றை அலமாரியில் பத்திரமாக வைத்துவிடுகிறோம். அது பூட்டைத் திறக்கிறதா என்று என்றாவது சோதித்துப் பார்த்ததுண்டா?

கணிப்பொறி உலகிலும் இப்படி ஒன்று நடந்தது. கிட்லேப் என்பது நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளம். 2017 ஜனவரி 31 அன்று இரவு அதன் பொறியாளர் ஒருவர், துணைக் கணிப்பொறியில் அழிக்க வேண்டிய கோப்புகளைத் தவறுதலாக முதன்மைக் கணிப்பொறியில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது!

"அதனால் என்ன? நாள்தோறும் ஒரு காப்பு நகல் அமேசானின் மேகச் சேமிப்புக்குப் போகிறதே!" என்று எண்ணித் தேடினார்கள். பெட்டகம் காலியாக இருந்தது.

காரணம் என்ன? தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் நிரலோ 9.2 பதிப்பு. பழைய நிரல் புதிய தளத்தை நகலெடுக்க மறுத்து, பிழை காட்டி நின்றுவிட்டது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களில் உரிய அடையாளக் கையொப்பம் இல்லை. எனவே அவையும் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டன. ஆகவே நகல் எடுக்கப்படவில்லை என்பது எவருக்கும் தெரியவில்லை.

வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. அதைக்கொண்டு தளத்தை மீட்கச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

மீட்க ஏன் இவ்வளவு நேரம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 பைட் = 8 பிட். எனவே 300 ஜிகாபைட் என்பது 2,40,000 கோடி பிட். விநாடிக்கு 10 கோடி பிட், அதாவது 100 மெகாபிட், செல்லும் இணைப்பில் இதை அனுப்ப 24,000 விநாடிகள், அதாவது 6 மணி 40 நிமிடம் வேண்டும். வட்டின் வேகம் இணைப்பைவிடக் குறைவானால் நேரம் இன்னும் கூடும்.

ஆகவே பெரிய நகலைச் சோதிப்பவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கோப்பு போய்ச் சேர்ந்ததா? அதன் அளவு நேற்றைய அளவுக்கு ஏறத்தாழப் பொருந்துகிறதா? அதிலிருந்து தரவைத் திரும்பப் பெற முடிகிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்த பிறகே அது காப்பு நகல்.

இன்று மாலை அந்த இரண்டாவது சாவியைப் பூட்டில் போட்டுப் பாருங்கள்!