பின்சரில் ஓர் இலையுதிர்காலம்

இலையுதிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஊரில், ஒரே வீட்டில் தங்குங்கள். குமாவுன் பக்கம் போகும் நம்மவர்கள் நைனிதால், கௌசானி, முன்சியாரி, ஜாகேஷ்வர் என்று ஒரே வாரத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். பாதிப் பொழுது வளைவுச் சாலையிலேயே போய்விடுகிறது. அல்மோராவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள பின்சர் சரணாலயத்தில், காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமத்து வீட்டில், எங்கும் நகராமல் தங்கினேன். இப்போது கேட்பவர்களிடமெல்லாம் அதையே சிபாரிசு செய்கிறேன்.

காலம் முக்கியம். அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரை போகலாம். மழை விடைபெற்று வானம் துலக்கமாக இருக்கும். கோடையில் தூசும் காட்டுத்தீப் புகையும் மறைத்துவிடும் பனிமலைகள் அப்போது முழுசாகத் தெரியும். ஆனால் காடே சிவந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பின்சர் காட்டின் பெரும்பகுதி பாஞ்ச் எனும் ஓக் மரமும் புராஞ்ச் மரமும். இரண்டும் பசுமை மாறாதவை. நிறம் மாறுவது வயல்களில்தான். ராம்தானா எனும் கீரைத்தானியம் கருஞ்சிவப்பாகக் கதிர் சாய்ந்து நிற்கும். சரிவுகளில் புல் பொன்னிறமாகக் காய்ந்திருக்கும். பெண்கள் அதை அறுத்து, பனிக்காலத் தீவனமாக மரங்களில் அடுக்கி வைப்பார்கள். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு முற்பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். நான் உட்கார்ந்திருந்தேன்.

விடியலைத் தவறவிடாதீர்கள். வெயில் ஏற ஏறச் சிகரங்களின்மேல் மேகம் கட்டத் தொடங்கும். பத்து மணிக்கு எழுந்து வருபவருக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள ‘ஜீரோ பாயின்ட்’ வரை காட்டுப் பாதையில் நடந்தால் திரிசூல், நந்தா தேவி, பஞ்சசூலி எல்லாம் வரிசையாக நிற்கும். 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவிதான் மூத்தவள். ஆனால் 7,120 மீட்டர் திரிசூல் முன்னால் அகன்று நிற்பதால் கண்ணுக்கு அதுவே பெரிதாகப் படும். எது எது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். பெயர் தெரிந்த பிறகு மலையைப் பார்ப்பதே வேறு அனுபவம்.

அமைதி என்றால் சத்தமே இல்லாமை அல்ல. முதல் நாள் எனக்கு எல்லாம் ஒரே இலைச் சலசலப்பாகத்தான் கேட்டது. பிறகு மரங்கொத்தி தட்டுவது தனியாகப் பிரிந்தது. நாய் குரைப்பதுபோல் ஒலித்தது காக்கர் எனும் கேளையாடு என்று புரிந்தது. லங்கூர் குரங்குகள் ஒன்று மாற்றி ஒன்று கத்தினால் பக்கத்தில் சிறுத்தை இருக்கலாம். அதனால் இருட்டிய பின் தனியே வெளியே போகவே கூடாது. பகலிலும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் காட்டுக்குள் வாழும் ஒரு குடும்பத்துக்குப் போகிறது என்பது எனக்கு நிறைவான விஷயம்.

சாப்பாட்டில் நம் நாக்குக்கு அந்நியம் குறைவு. மடுவா ரொட்டி நம் கேழ்வரகுதான். கஹத் பருப்பு நம் கொள்ளுதான். இரண்டும் குளிருக்கு உடம்பைச் சூடாக வைக்கும் என்பார்கள். பட் எனும் கறுப்பு சோயாவில் செய்யும் சுட்கானியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். வீட்டுக்கார அக்காவிடம் “நீங்கள் சாப்பிடுவதையே கொடுங்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் விருந்தாளிக்கென்று பனீர் தேடிப் போவார்கள்.

நான் தங்கிய வீட்டில் சூரிய ஒளி விளக்குதான். கைவிளக்கு, கனமான ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, தொலைநோக்கி ஆகியவை அவசியம். ரொக்கமும் வைத்திருங்கள், காட்டுக்குள் ஏடிஎம் கிடையாது. பிளாஸ்டிக் குப்பை எதையும் அங்கே போடாமல் அல்மோராவுக்குத் திரும்ப எடுத்து வாருங்கள். டெல்லியிலிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் காட்கோதாம். அங்கிருந்து அல்மோராவுக்குப் பங்கு ஜீப் கிடைக்கும். தீபாவளி வாரத்தில் கூட்டம் கூடும், அதைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.