வெளியே செல்லும்போது குழந்தையின் கோழித்தூக்கம்

6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளுக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்கள் தவறாமல் கூறும் குறை ஒன்று உண்டு. வீட்டில் ஒன்றரை மணி நேரம் அயர்ந்து உறங்கும் குழந்தை, பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் அரை மணிக்குள் விழித்து அழுகிறது என்பதே அது. கண்திருஷ்டி என்பர் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் அது ஒலிபெருக்கியின் வேலையே.

கைக்குழந்தையின் உறக்கம் சுற்றுச் சுற்றாக அமைவது. ஒரு சுற்று ஏறத்தாழ 40 முதல் 50 நிமிடம். சுற்று முடியும்போது உறக்கம் மெலிந்து, குழந்தை விழிப்பை நெருங்குகிறது. வீட்டின் இருளும் அமைதியும் அதனை அடுத்த சுற்றுக்குள் கொண்டு சேர்க்கின்றன. வெளியிலோ ஒரு ஹாரன் ஒலி போதும். ஆகவே கோழித்தூக்கம் நோயன்று. 4 முதல் 12 மாதக் குழந்தைக்குப் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேர உறக்கம் தேவை. ஒரு தூக்கத்தை மட்டும் பார்க்காமல், முழு நாளுக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பகலில் குறைந்திருப்பின் அன்றிரவு அரை மணி முன்னதாக உறங்கவைக்கலாம்.

எங்களுக்குக் கவலை தருவது தூக்கத்தின் அளவன்று. அதனை நீட்டிக்க நாம் செய்யும் முயற்சிகளே. வெயிலும் வெளிச்சமும் படாதிருக்க முந்தானையாலோ துண்டாலோ குழந்தையின் முகத்தை மூடும் வழக்கம் பரவலாக உள்ளது. துணிக்குள் வெப்பம் தேங்கும். விட்ட மூச்சையே குழந்தை மீண்டும் இழுக்க நேரும். நிழலில் அமருங்கள், குடை பிடியுங்கள், முகத்தை மூடாதீர்கள்.

கழுத்து உறுதிப்படாத குழந்தை உட்கார்ந்த நிலையில் உறங்கும்போது தலை முன்சாய்ந்து, மோவாய் மார்பில் படிந்து, மூச்சுக்குழல் மடங்கக்கூடும். இது ஓசையின்றி நிகழ்வது; அழுகை கேட்கும் என்று காத்திருத்தல் கூடாது. மார்போடு கட்டித் தூக்கும் துணியில் குழந்தையின் மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மோவாய்க்கும் மார்புக்கும் இடையே இரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். காரில் குழந்தை இருக்கையில் பயணம் செய்வதே பாதுகாப்பு. ஆயினும் ஊர் சேர்ந்தபின், தூக்கம் கலையுமே என்று அதிலேயே விட்டுவைக்காமல், எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மண்டபத்தில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போடுவதைவிடத் தரையில் விரித்த பாயே மேல். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இருசக்கர வண்டியில் இருவருக்கிடையே உறங்கும் பச்சிளங்குழந்தையைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். நெடும்பயணத்துக்கு முன் "நன்றாகத் தூங்கட்டும்" என்று சளி மருந்து புகட்டுவோர் உள்ளனர். மயக்கம் தரும் அம்மருந்துகள் மூச்சையும் மந்தப்படுத்தும். மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டா.

குழந்தை நெளியும்போது உடனே தூக்காமல், மெல்லத் தட்டிக்கொடுத்துச் சில நிமிடம் பாருங்கள். மீண்டும் உறங்கினால் நல்லது. விழித்துவிட்டால் பாலூட்டுங்கள், வலிந்து உறங்கவைக்க வேண்டா. கண்ணைக் கசக்கி முகத்தைத் திருப்பினால் அடுத்த தூக்கத்துக்கு நேரமாயிற்று என்று கொள்க.

தடுப்பூசி போட்ட அன்று சில குழந்தைகள் சற்றுக் கூடுதலாக உறங்கும். ஆனால் பாலுக்கு எழுப்பியும் எழாதிருத்தல், மூச்சு இடையிடையே நின்று வருதல், உதடு நீலம் பாரித்தல், 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், நேரம் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.