கொசுவைக் கணக்கெடுக்கும் கறுப்புக் கிண்ணம்

பினாங்கில் டிங்கிக் காய்ச்சல் பரவியமை குறித்து ஸ்கே என்னும் மருத்துவர் 1902ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். மூட்டுகளை வாட்டிச் சில நாட்களில் தணிந்துவிடும் காய்ச்சல் என்றே அதனை அக்காலத்தவர் கருதினர். அறுபது ஆண்டுகள் கழித்து, 1962இல், இரத்தக் கசிவுடன் கூடிய டிங்கி இந்நாட்டில் முதன்முதலாக அதே பினாங்கில் கண்டறியப்பட்டது. குழந்தைகளின் உயிரைப் பறிக்கவல்ல நோய் அது. 1973இல் நாடெங்கும் பெருந்தொற்று ஏற்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது.

நோயாளி மருத்துவமனைக்கு வந்த பின்னர் மருந்து புகைப்பது போதாதா என நம்மில் சிலர் கேட்கலாம். போதாது. நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசுவின் உடலில் கிருமி முதிர எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. அது கடித்தவருக்குக் காய்ச்சல் காண மேலும் நான்கு முதல் ஏழு நாட்கள் ஆகலாம். எனவே, முதல் நோயாளியை நாம் அறியும் வேளையில், அண்டை வீடுகளில் நோய் முன்னரே பரவியிருத்தல் கூடும். கொசு பெருகுவதை அதற்கு முன்பே அறிதல் வேண்டும்.

பழைய வழி வீடு வீடாகச் சென்று தேடுவதாகும். நூறு வீடுகளைப் பார்த்து, நான்கு வீடுகளில் ஒன்பது பாத்திரங்களில் கொசுப்புழு இருந்ததெனக் கொள்வோம். வீட்டுக் குறியீடு நான்கு. பிரட்டோ குறியீடு ஒன்பது. கணக்கு எளிதுதான், தேடுவதுதான் கடினம். ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் கூரை நீர்க்கால்வாய்க்கு யார் ஏறுவது? எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் கால்களின் கீழ் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தை யார் குனிந்து பார்ப்பது? பூட்டிய வீடுகளோ கணக்கிலேயே சேர்வதில்லை.

இக்குறையை ஓரளவு நீக்குவது முட்டைப் பொறி. கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். சொரசொரப்பான சிறு பலகைத் துண்டு ஒன்று. இவ்வளவே. முட்டையிட வரும் பெண் ஏடிஸ் இருண்ட நிறத்தையும் சொரசொரப்பான ஈரப் பரப்பையும் நாடும். ஐந்தாம் நாள் பலகையை எடுத்துச் சென்று முட்டைகளை எண்ணுவர். நூறு கிண்ணங்களுள் எத்தனையில் முட்டை உள்ளது என்பதே பொறிக் குறியீடு. ஏடிஸ் ஈஜிப்தி, ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய இரண்டின் முட்டைகளும் கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றுவதால், புழுவாக வளர்த்து உருப்பெருக்கியின் கீழ் இனம் பிரிப்பர். முன்னது வீட்டினுள்ளும் பின்னது வெளியில் செடி கொடிகளிடையேயும் வாழ்வதை விரும்புவது.

பொறியும் ஏமாற்றும். தண்ணீர்ச் சாடிகள் நிறைந்த தெருவில் கொசுவுக்கு முட்டையிட இடம் பல. ஆதலால் கிண்ணத்தில் முட்டை குறைவாகவே விழும். துப்புரவு முடிந்ததும், எஞ்சிய கொசுக்கள் வேறிடமின்றிக் கிண்ணத்தையே நாடும்; எண்ணிக்கை ஏறும். அதைக் கண்டு துப்புரவு வீண் எனக் கூறுதல் தவறு. மேலும், வைத்தவர் ஒரு வாரத்திற்கு மேல் மறந்துவிட்டால் பொறியே கொசுத் தொழுவமாகிவிடும்.

அண்மைக் காலத்தில் பசை பூசிய பொறிகளில் சிக்கும் பெண் கொசுக்களை நசுக்கி, மனித இரத்தத்திற்கென அமைந்த சோதனைப் பட்டையினாலேயே டிங்கிக் கிருமி உண்டா எனப் பார்க்கும் முறையும் நம் நாட்டில் ஆராயப்பட்டுள்ளது.

நகரத்துச் செய்தி தோட்டத்து நமக்கு எதற்கு? கொசு சில நூறு அடிகளுக்கு அப்பால் பெரும்பாலும் பறப்பதில்லை. ஆனால் தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குச் சென்று திரும்பும் நாம் கடல் கடந்தும் கிருமியைச் சுமந்து வரலாம். வந்த இடத்தில் அல்போபிக்டஸ் காத்திருக்கும். பால் வெட்டும் மரத்தின் மங்கில் அதற்கு இடமில்லை. பால் எடுத்துத் துடைக்கிறோம். வெட்டாது ஓய்வில் விட்ட நிரைகளில் நிமிர்ந்தபடி கிடக்கும் மங்குகளில் மழைநீர் தேங்குகிறது. ஒரு நிரையில் அத்தகைய மங்குகள் எத்தனை, அவற்றுள் புழு நெளிவன எத்தனை என எண்ணிப் பார்க்கப் பொறியும் வேண்டா, உருப்பெருக்கியும் வேண்டா. எண்ணிய கையோடு கவிழ்த்தும் வைக்கலாம்.