யூனிக்ஸ் பொறி வலையிற் புகுமாறு

கணிப்பொறிக்கு நினைவு இருவகைப்படும். ஒன்று, வட்டில் எழுதப்பட்டு மின்னோட்டம் நின்ற பின்னும் நிலைத்திருப்பது. மற்றொன்று, மின்னோட்டம் உள்ளவரை இருந்து, அஃது அற்றவுடன் சுவடின்றி மறைவது. ஒரு பொறி வலையமைப்பில் எம்முகவரியால் அழைக்கப்படுகின்றது, எவ்வழியே புறவுலகோடு பேசுகின்றது என்னுஞ் செய்திகள் இயங்கும்போது இவ்விரண்டாம் வகை நினைவிலேயே தங்குகின்றன. ஆதலின் அணைத்து எழுப்புந்தோறும் பொறி தன் முகவரியைத் தான் அறியாததாகவே கண்விழிக்கின்றது. அதனை அதற்கு மீண்டும் அறிவிப்பது யாது? எவ்வாறு, எவ்வரிசையில் அறிவிக்கின்றது? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

யூனிக்ஸ் மரபிற் பிறந்த இயங்குதளங்கள் பல. அனைத்தையும் ஒருங்கே எடுத்துரைக்கப் புகின் மயக்கமே மிகும். ஆகவே ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் ஒன்றனையே எடுத்துக்கொள்வாம். இது 1995ஆம் ஆண்டில் தியோ டி ராட் என்பவராற் கனடா நாட்டிலே தொடங்கப்பெற்றது. பாதுகாப்பில் மிகுந்த கருத்துடையது என்று பேர்பெற்றதாயினும், யாம் இதனைத் தெரிந்ததற்குக் காரணம் அதுவன்று. இதன் துவக்க வேலைகள் மனிதர் படித்தறியத்தக்க எளிய எழுத்துக் கோப்புகளால் நடைபெறுகின்றன. மொழி பயில்வோனுக்கும் இதனுள்ளே நுழைய வழியுண்டு. கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழெழுத்திலேயே தருகின்றாம். பொறியில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் எழுதப்படும்.

பொறிக்கும் வலைக்கும் இடைநின்று இரண்டையும் இணைப்பது இடைமுகம் எனப்படும். பெரும்பாலும் அது கம்பியோ வானொலியலையோ வந்து பொருந்தும் ஓர் அட்டை. ஓப்பன் பி.எஸ்.டி.யில் ஒவ்வோர் அட்டையும் தன்னை இயக்கும் நிரலின் பெயராலும் ஓர் எண்ணாலும் வழங்கப்பெறும். இன்டெல் நிறுவனத்தாரின் கிகாபிட் அட்டைகள் பல இஎம் என்ற பெயரின. ரியல்டெக் நிறுவனத்தாருடையவற்றுட் பல ஆர்இ எனப்படும். முதலிற் காணப்பட்டது இஎம்0, அடுத்தது இஎம்1. அட்டையே இல்லாத இடைமுகமும் உண்டு. லோ0 என்பது பொறி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கு உரியது. அதன் முகவரி 127.0.0.1.

இடைமுகத்திற்கு முகவரி அளிக்குங் கட்டளைக்கு இஃப்கான்ஃபிக் என்று பெயர். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி.யில் இது முதன்முதலிற் தோன்றிற்று. இதனைத் தட்டெழுதிய கணமே பொறி முகவரி பெற்றுவிடும். இவ்வெளிமையே இடர்க்கும் வித்தாகின்றது. ஒருவர் ஏதோ அவசரத்திற் கையால் முகவரியை மாற்றுகிறார்; எல்லாம் செவ்வனே நடக்கின்றன; கோப்பில் எழுத மறந்துவிடுகிறார். பொறியும் இருநூறு முந்நூறு நாள்கள் குறையின்றி ஓடுகின்றது. ஓரிரவு மின்தடை. மீண்டும் எழுந்த பொறி பழைய கோப்பையே படித்துப் பழைய முகவரியை மேற்கொள்கின்றது. அன்றைய மாற்றத்தை நினைவிற் கொண்டோர் எவரும் அப்போது அங்கிலர். இதனினும் கொடிய பிழை வேறொன்று இத்தொழிலில் உளதாக எமக்குத் தோன்றவில்லை. பிழை செய்த நாளுக்கும் அது வெளிப்படும் நாளுக்கும் இடையே அத்துணைத் தொலைவு இருத்தலின்.

இனிக் கோப்பினைக் காண்பாம். எட்சி என்னும் அடைவினுள் ஹோஸ்ட்நேம்.இஎம்0 என்றொரு கோப்பு இருக்கும். அதனுள் பெரும்பாலும் ஒரே வரிதான்: ஐநெட் 192.0.2.10 255.255.255.0. (192.0.2 எனத் தொடங்கும் முகவரிகள் நூல்களிலும் பாடங்களிலும் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; எவர் வீட்டு முகவரியையும் இங்கு அம்பலப்படுத்தினோம் அல்லோம்.) இவ்வரியை உற்று நோக்குக. முகவரி உண்டு, அதன் எல்லை உண்டு. ஆயின் யாருக்கு இம்முகவரி என்ற செய்தி வரியினுள் யாண்டும் இல்லை. எழுவாய் தோன்றாத வாக்கியம் இது. எழுவாய் கோப்பின் பெயரில் நிற்கின்றது. துவக்க நேரத்தில் நெட்ஸ்டார்ட் என்னுங் கட்டளைத் தொடர் கோப்பின் பெயரிலிருந்து இஎம்0 என்பதைப் பிரித்தெடுத்து, இஃப்கான்ஃபிக் என்பதை முன்னே வைத்து, வரியைப் பின்னே சேர்த்து முழு வாக்கியமாக்கிக் கெர்னலுக்கு உரைக்கின்றது. நம் இலக்கணத்திற் தோன்றா எழுவாய் எனப் படித்தது இங்கே ஒரு பொறியின் உயிர்நிலையாக இருத்தல் வியப்பன்றோ!

முகவரியை நாமே எழுதாமல், வலையிலுள்ள வேறொரு பொறியிடம் கேட்டுப் பெறுவதும் உண்டு. அப்போது கோப்பில் ஐநெட் ஆட்டோகான்ஃப் என்று மட்டும் இருக்கும். டி.எச்.சி.பி. என வழங்கும் இம்முறையில் நான்கு செய்திகள் கைமாறுகின்றன: முகவரி தருவார் உளரோ என்ற வினா, இதனைக் கொள்க என்ற வாக்கு, அதனையே வேண்டுகிறேன் என்ற விடை, தந்தேன் என்ற முடிவு. இம்முகவரி குத்தகைக்கே அளிக்கப்படுகின்றது. காலம் முடியுமுன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இவையேயன்றி மைநேம், மைகேட் என இன்னும் இரு கோப்புகள் உள. முதலாவது பொறியின் பெயரைத் தாங்குவது. இரண்டாவது, தன் தெருவுக்கு அப்பாற்பட்ட எவரையும் அடைதற்கு முதலிற் செல்லவேண்டிய வாயிலின் முகவரியைத் தாங்குவது. என் பெயர், என் வாயில் என்று பொறியே தன்மையிடத்தில் நின்று பேசுவதுபோல் இவற்றிற்குப் பெயரிட்டவர் மொழிச்சுவை அறிந்தவராதல் வேண்டும். இடைமுகம் ஏதேனும் ஒன்று முகவரியைக் கேட்டுப் பெறும் முறையில் அமைந்திருப்பின், மைகேட் கோப்பிலுள்ள பழைய வகை முகவரியை நெட்ஸ்டார்ட் பொருட்படுத்துவதில்லை. முகவரி தந்தவரே வாயிலையும் தெரிவிப்பாராதலின் இரு கட்டளைகள் முரணாவண்ணம் இவ்வாறு அமைத்தனர்.

துவக்கத்தின் வரிசையைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். கெர்னல் எழுந்து, இனிட் என்னும் முதற் செயலைத் தொடங்குகின்றது. அஃது ஆர்சி என்னுங் கட்டளைத் தொடரை ஓட்டுகின்றது. ஆர்சி நெட்ஸ்டார்ட்டை அழைக்கின்றது. ஆயின் அழைப்பதற்கு முன்னே ஆர்சி செய்யும் ஒரு செயல் கருதத்தக்கது. வலையிலிருந்து வருவன போவனவற்றைத் தடுத்துக் காக்கும் பி.எஃப். என்னும் காவல் நிரலுக்குத் தற்காலிக விதிகள் சிலவற்றை அது முதலில் ஊட்டிவிடுகின்றது. எல்லாவற்றையும் தடு, இன்றியமையாத சிலவற்றை மட்டும் விடு என்பதே அவ்விதிகளின் சாரம். இடைமுகங்கள் எழுந்த பின்னரே பொறிக்குரியவர் எழுதிவைத்த முழு விதிகள் ஏற்றப்படுகின்றன. இஃது இல்லையாயின், முகவரி பெற்ற கணத்துக்கும் விதிகள் ஏறிய கணத்துக்கும் இடையே பொறி காவலின்றி நிற்குமன்றோ? சில நொடியே ஆயினும் திறந்த கதவு திறந்த கதவுதான்.

நெட்ஸ்டார்ட்டினுள்ளும் வரிசை உண்டு. லோ0 முதலில் எழும். பின் மெய்யான அட்டைகள். அதன்பின், பல அட்டைகளை ஒன்றாகப் பிணைக்கும் ட்ரங்க், ஓர் அட்டையைப் பல வலைகளாகப் பிரித்துக் காட்டும் விலான் முதலியன. நம் எழுத்திலக்கணத்தில் முதலெழுத்தின்றிச் சார்பெழுத்து இல்லாததுபோல, தாங்கும் அட்டை எழாமல் விலான் எழுதல் இயலாது. ட்ரங்கின் மேல் விலான் அமையுமாயின் ட்ரங்கும் அதற்கு முன்னே எழல் வேண்டும். இவை எல்லாம் எழுந்த பின்னரே மைகேட் படிக்கப்பட்டு வாயில் அறிவிக்கப்படும். அதற்கும் பின்னர் வருவன சுரங்க வழிகளாகிய ஜிஃப், ஜிஆர்இ, வயர்கார்ட் முதலியன. சுரங்கத்தின் மறுமுனை எங்கோ தொலைவில் உள்ளது. அங்குச் செல்லும் வழி தெரிந்த பின்னரன்றிச் சுரங்கம் தோண்டுவதெங்ஙனம்? பலரும் தாமே துவக்கக் கட்டளைகளை எழுதி இடர்ப்படுவது இவ்விடத்திலேதான். ஒவ்வொரு வரியும் பிழையற்றதாக இருக்கும். வரிசை மட்டும் பிறழ்ந்திருக்கும்.

பிழைகளுள் எளிதிற் புலப்படாத ஒன்றையும் கூறல் வேண்டும். மேற்காட்டிய வரியில் 255.255.255.0 என்பது எல்லை காட்டும் எண். முதல் மூன்றிடமும் ஒத்திருப்போர், அஃதாவது 192.0.2 எனத் தொடங்குவோர், ஒரே தெருவினர். ஏனையோர் வாயில் வழியே அடையத்தக்கவர் என்பது அதன் பொருள். கைதவறி 255.255.0.0 என எழுதிவிட்டால் யாது நிகழும்? பொறி எழும், முகவரி பெறும், அண்டையாரோடு பேசும், உலகின் பெரும்பகுதியோடும் பேசும். ஆனால் 192.0.77.5 என்ற முகவரியினரை அடைய வேண்டின், அவரும் தன் தெருவினரே எனக் கருதி, வாயிலுக்குச் செல்லாமல் தெருவிலேயே நின்று அவரைக் கூவியழைத்துக்கொண்டிருக்கும். விடை கூறுவார் இலர். காண்போரோ அத்தொலைவுப் பொறி பழுதுற்றது என்று அதன்மேற் பழிசுமத்துவர். வாயிலின் முகவரியையே தன் தெருவுக்குப் புறம்பாக எழுதிவிட்டால் கெர்னல் அதனை ஏற்க மறுத்து ஒரு வரிச் செய்தி காட்டும். அச்செய்தியும் திரையில் மற்ற வரிகளோடு விரைந்து மேலேறி மறைந்துவிடும்.

தோன்றா எழுவாயைப் பற்றி முன்னர்க் கூறியது இங்கே மீண்டும் வேண்டப்படுகின்றது. ஒரு பொறியில் இஎம்0 என்னும் அட்டை ஒன்றே இருக்கின்றது என்க. அதே வகையான மற்றோர் அட்டையைப் புதிதாகப் பொருத்துகின்றனர். கெர்னல் அட்டைகளைத் தேடிச் செல்லும் வழியிற் புதியது முன்னர் எதிர்ப்படுமாயின் அதுவே இஎம்0 ஆகிவிடும், பழையது இஎம்1. கோப்பிலே ஓரெழுத்தும் மாறவில்லை. எனினும் அதன் எழுவாய் மாறிவிட்டது. முகவரி கம்பியே இல்லாத புதிய அட்டைக்குப் போய்ச் சேர, கம்பி பொருந்திய பழைய அட்டை முகவரியின்றி நிற்கும். திரையும் விசைப்பலகையும் இன்றி ஏதோ ஓர் அறையிற் பூட்டிவைக்கப்பட்ட பொறியாயின் அதனை மீட்க ஆளே நேரிற் செல்ல வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்விடர் இன்னும் மிகுதியாக இருந்தது. இரண்டு அட்டைகள் இருப்பின், எது முன்னே எழுகின்றதோ அது ஈத்0. புதிதாக எதையும் பொருத்தாமலே இன்று ஒன்றும் நாளை மற்றொன்றும் அப்பெயரைப் பெறுதல் கூடும். 2013ஆம் ஆண்டில் சிஸ்டம்டி 197 பதிப்பு அட்டை இருக்கும் இடத்தையே பெயராக்கும் முறையைக் கொணர்ந்தது. இஎன்பி3எஸ்0 என்றால் மூன்றாம் பாதையில், சுழியாம் துளையில் உள்ள கம்பிவலை அட்டை என்பது பொருள். 2017இல் வெளிவந்த டெபியன் 9 பதிப்பும் புதிதாக நிறுவும் பொறிகளுக்கு இம்முறையை மேற்கொண்டது. நாவிற்கு இனிமையற்ற பெயர் என்று பலர் முனிந்தனர். அம்முனிவு எமக்கும் உடன்பாடே. ஆயினும் புதிய அட்டைகளாற் பாதைகளின் எண் மாறுமாயின் இப்பெயரும் மாறத்தான் செய்யும்.

ஓப்பன் பி.எஸ்.டி.யில் இப்போது வேறொரு வழியும் உண்டு. அட்டையைச் செய்தோர் அதனுட் பொறித்து விடும் மேக் முகவரியை, ஈரெழுத்து ஈரெழுத்தாக ஆறு பகுதிகளை, கோப்பின் பெயரில் இஎம்0 என்பதற்கு ஈடாக எழுதலாம். எண் எவ்வாறு மாறினும் எழுவாய் மாறாது.

கோப்பை எழுதிய பின்னர் நெட்ஸ்டார்ட் என்பதனோடு -என் என்னுங் குறியைச் சேர்த்து ஓட்டினால், தான் செய்யப்போவன யாவை என்பதை அச்சிட்டுக் காட்டுமேயன்றி ஒன்றையும் செய்யாது. எழுவாயும் பயனிலையும் சேர்ந்த முழு வாக்கியங்களை அப்போது கண்ணாற் காணலாம். இடைமுகத்தின் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டினால், ஏனையவற்றைத் தொடாமல் அஃதொன்றே புதிதாக அமையும். எனினும் வரிசைப் பிழைகள் இவற்றிற் புலப்படா. அவற்றைக் காண்பதற்குப் பொறியை ஒருமுறை மெய்யாகவே அணைத்து எழுப்பியாக வேண்டும். அதுவும் அதனெதிரே நாம் நிற்கும் பகற்பொழுதிலே.

மேக் முகவரியால் எழுதுவது நன்றோ, பெயரால் எழுதுவது நன்றோ எனின், அது பொறியின் நிலையைப் பொறுத்தது. அட்டைகள் பலவாகி அடிக்கடி கூடியும் குறைந்தும் வரும் பொறிக்கு முன்னதே தக்கது. ஓரட்டையே உள்ள பொறியில், அது பழுதுற்று அதே வகை அட்டை ஒன்று அவ்விடத்தில் வைக்கப்படின், பெயரால் எழுதியவர் கோப்பைத் தொடவே வேண்டுவதில்லை. மேக் முகவரியால் எழுதியவர், பொறியை மீண்டும் எழுப்புமுன் கோப்பின் பெயரை மாற்றியாக வேண்டும்.