விற்ற சப்வூஃபர் திரும்பி வராமலிருக்க

ஆடியோ சாமான் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு இது பழகிய கதைதான். சனிக்கிழமை விற்ற சப்வூஃபர், திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்குமுன் வாசலில் வந்து நிற்கும். "அண்ணாச்சி, இதில் பேஸே இல்லை" என்பார் வாடிக்கையாளர். மாற்றிக் கொடுத்தால் பெட்டி கிழிந்த சரக்கு நம் தலையில் விழும். மறுத்தால் அவர் பத்துப் பேரிடம் சொல்வார். நான் பார்த்தவரை இப்படித் திரும்புகிறவற்றில் பழுதானவை சிலவே. இணைப்பிலும் அளவிலும்தான் கோளாறு இருக்கும்.

விற்கும்போதே, "வீட்டில் என்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். ஹோம் தியேட்டர் ரிசீவரானால் 'சப் அவுட்' என்ற துளையிலிருந்து ஒரே ஒரு ஆர்.சி.ஏ. ஒயர் போதும். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் பெரும்பாலும் அந்தத் துளை இராது. அவருக்கு, ஸ்பீக்கர் ஒயரை நேரே ஏற்கும் 'ஹை லெவல்' முனை உள்ள சப்வூஃபரைத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஸ்பீக்கர் ஒயரை வெட்டி ஆர்.சி.ஏ. துளையில் சொருகுவார், சப்வூஃபர் பழுதாகக்கூடும். ஆம்ப்ளிஃபையர் இல்லாத வெறும் பெட்டியும் தனி போர்டும் விற்கிறவர்கள் ஓம் கணக்கைப் பார்க்கவும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத போர்டு சூடேறிப் புகைந்துவிடும்.

சென்ற முறை இப்படி ஒருவர் வந்தபோது, சாமானைத் திருப்பி வாங்காமல் அவர் வீட்டுக்கே போனேன். ஒயர் எல்லாம் சரியாகவே இருந்தது. சினிமா ஓடினால் பேஸ் வந்தது. பாட்டு போட்டால் வரவில்லை. ரிசீவரின் மெனுவில் முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று இருந்தன. அதாவது ஸ்டீரியோ பாட்டின் பேஸ் முழுவதையும் அந்தச் சின்ன ஸ்பீக்கர்களுக்கே ரிசீவர் அனுப்பிக் கொண்டிருந்தது. 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை மேல் கோடிக்குத் திருப்பிவிட்டேன். ரிசீவர் ஒரு முறை பிரித்ததை அங்கே மறுபடி பிரிக்கக் கூடாது. இடையில் கொஞ்சம் ஓசை காணாமல் போகும். அவ்வளவுதான் வேலை. காபி கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்தது 'பேஸ்' சுவிட்ச். நாம் கேட்கும் பேஸ் அல்ல இது. 0, 180 என்று போட்டிருக்கும். 80 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். சப்வூஃபர் மற்ற ஸ்பீக்கர்களைவிட 2 மீட்டர் தள்ளி இருந்தாலே ஓசை கிட்டத்தட்ட அரை அலை பிந்தி வந்து, ஒன்றையொன்று அடித்துவிடும். வாடிக்கையாளரைச் சோபாவில் உட்காரச் சொல்லி, நீங்கள் சுவிட்சை மாற்றுங்கள். எதில் பேஸ் கனமாகக் கேட்கிறது என்கிறாரோ அதில் விடுங்கள்.

மூலையில் வைத்தால் ஓசை கூடும், ஆனால் சில அறைகளில் கொழகொழவென்று இருக்கும். அப்போது சப்வூஃபரைச் சோபாவின் மேல் தூக்கி வைத்துப் பாட்டு போட்டு, அறையைச் சுற்றி நடந்து பாருங்கள். பேஸ் தெளிவாகக் கேட்கும் இடம் எதுவோ அங்கே அதை வைக்கலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பலன் உண்டு.

'உம்' என்ற இரைச்சல் வந்தால் பெரும்பாலும் எர்த் தகராறு. எல்லாச் சாமானையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள். பிறகு கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சில மெக்கானிக்குகள் எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள். ஷாக் அடித்தால் உயிர் போகும். அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

எங்கள் கடையில் கிராஸ்ஓவர், பேஸ் சுவிட்ச், வால்யூம் ஆகிய மூன்றின் அளவையும் பில்லின் பின்புறம் எழுதிக் கொடுக்கிறோம். குழந்தைகள் திருகிவிட்டாலும் போனிலேயே சரிசெய்துவிடலாம்.