துருவை மறைக்காதீங்க, சுரண்டி எடுங்க!



இந்த மாதப் பாடம் இரும்பு அடுப்பு ஸ்டாண்டைப் பற்றியது. கனகசெட்டிக்குளத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து முறுக்கு, அதிரசம் போடுகிறோம். குழுக் கடனில் வாங்கிய பெரிய கேஸ் அடுப்பு. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஸ்டாண்டுக்கு ஒரு கோட் சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவோம். பார்க்கப் பளபளன்னு இருக்கும். ஒருநாள் காலையில் வெறும் சட்டியைத் தூக்கி வைத்ததுமே ஒரு கால் மடங்கிவிட்டது. நல்ல வேளை, எண்ணெய் ஊற்றவில்லை. கொதிக்கிற எண்ணெய் இருந்திருந்தால்? நினைத்தாலே நடுங்குது. மேலே பெயிண்ட் இருந்தது, உள்ளே இரும்பே இல்லை!

ஏன் இப்படி?

இரும்பும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு. நம்ம ஊரில் உப்புக் காத்தும் சேருவதால் வேகம் அதிகம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் உள்ளே உப்பி, மேலே அடித்த பெயிண்டைத் தூக்கிவிடும். துருவின் மேல் அடிக்கும் பெயிண்ட் அதை மறைக்குமே தவிர, நிறுத்தாது.

2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர் காரை இன்னும் சில பேர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். அதன் துருப்பிடித்த பாகங்களையும் பட்டறையில் முதலில் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். நாமும் அதையே செய்வோம்.

செய்யும் முறை

1. சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, அடுப்பைத் தனியே எடுத்துவிடுங்கள்.

2. ஸ்டாண்டை ஸ்குரூ டிரைவரால் தட்டிக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பெயிண்ட் வேண்டாம். வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்தக் காலை மாற்றுங்கள்.

3. நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய விடுங்கள். உப்புப் போகாமல் அடித்தால் பலன் இல்லை.

4. கம்பி பிரஷால் தேய்த்து, பிறகு உப்புத்தாள் போடுங்கள். இரும்பின் வெள்ளை நிறம் தெரிய வேண்டும். சின்ன போல்ட், நட்டுகளைப் புளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்துத் தேய்த்தால் துரு விடும். பிறகு நன்றாகக் கழுவி உடனே துடையுங்கள்.

5. அன்றைக்கே முதல் கோட் அடித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், ராத்திரிக் கடல் காத்திலேயே மறுபடி துரு வந்துவிடும். சூடு படாத கால்களுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர், அது காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட்.

6. தீ படும் மேல் வளையத்துக்கு எனாமல் கூடாது, கருகிப் புகையும். கடையில் ‘சூடு தாங்கும் அலுமினிய பெயிண்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு அடியில் என்ன போடணும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, வெளியில் வைத்து, பலகாரம் போடாமல் ஒருமுறை சூடேற்றுங்கள். வாடை நின்ற பிறகுதான் வேலை.

எந்த கோட்டானாலும் மெல்லிசாக அடியுங்கள். தடியாக ஒரே கோட் அடித்தால் உரிந்துவிடும்.

கவனம்!

வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது கெடுதல். பழைய பெயிண்டை ஈரப்படுத்தித் தேயுங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும், மாசமாக இருக்கும் பெண்களையும் பக்கத்தில் விடாதீர்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தின்னர் இருக்கும் இடத்தில் தீக்குச்சி கூடாது. பர்னர், கேஸ் டியூப், வால்வு இவற்றில் பெயிண்ட் படவே கூடாது. தோசைக்கல், வாணலிக்கும் பெயிண்ட் வேண்டாம். துருவைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிச் சூடேற்றினால் போதும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவின் அடுப்பு ஸ்டாண்டு, தையல் மெஷின், தராசு இவற்றைக் கடைசியாக யார், எப்போது தட்டிப் பார்த்தோம்? கடன் கட்டி முடிவதற்குள் பொருள் முடிந்துவிடலாமா?