இறக்கை இல்லாதவை எல்லாம் ஓரினமா?

ஏழாம் வகுப்பில் பூச்சிப் படங்களை வகைப்படுத்தச் சொன்னேன். ஒரு மாணவி வேலைக்கார எறும்பையும் புத்தகம் அரிக்கும் இராமபாணப் பூச்சியையும் ‘இறக்கை இல்லாதவை’ என்று ஒரே கட்டத்தில் ஒட்டியிருந்தாள். சரி என்று குறியிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. எறும்பின் முன்னோருக்கு இறக்கை இருந்தது. வேலைக்கார எறும்பு அதை இழந்துவிட்டது. இராமபாணத்தின் முன்னோருக்கு இறக்கை தோன்றவே இல்லை.

நியூசிலாந்தின் வேட்டா பூச்சிகளைக் கொண்டு இதை நன்றாக விளக்கலாம். இவை வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் அடங்கிய ஆர்த்தோப்டீரா வரிசையைச் சேர்ந்தவை, இறக்கை கிடையாது. வேட்டா என்பது மாவோரி மொழிப் பெயர். மர வேட்டா, நில வேட்டா, தந்த வேட்டா, குகை வேட்டா, ராட்சத வேட்டா என ஐந்து வகையாகச் சொல்வார்கள். ராட்சத வேட்டாக்களின் பேரினம் டைனாக்ரிடா. அதில் 11 சிற்றினங்கள். முட்டை சுமந்த பெண் வேட்டா ஒன்று 71 கிராம் எடை இருந்ததாகப் பதிவு உண்டு. இரண்டு சிட்டுக்குருவிகளின் எடையைவிட அதிகம்!

இந்த ஐந்தும் ஒரே குடும்பம் அல்ல. குகை வேட்டா ராஃபிடோஃபோரிடே குடும்பம். மற்ற நான்கும் அனோஸ்டோஸ்டோமாடிடே குடும்பம். (நாமும் சுவர்க்கோழியையும் சிக்காடாவையும் சில்வண்டு என்றே சொல்கிறோம். இரண்டும் வண்டே அல்ல.)

எப்படிப் பிரிக்கிறார்கள்? மர வேட்டாவுக்கும் ராட்சத வேட்டாவுக்கும் முன்னங்காலில் காது இருக்கிறது. மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். குகை வேட்டாவுக்கு அந்தக் காது இல்லை. இதோடு நிறுத்தினால் நான் செய்த தவறே மறுபடி வரும். ஏனென்றால் நில வேட்டாவுக்கும் காது இல்லை. ஆனாலும் அது மர வேட்டாவின் குடும்பம்தான். எனவே பாதத்தையும் பார்க்க வேண்டும். மற்ற நான்கின் பாதத்தடியில் மெத்தை போன்ற திண்டுகள் உண்டு. குகை வேட்டாவின் பாதம் பக்கவாட்டில் ஒடுங்கியது, திண்டு இல்லாதது. இப்படிப் பல பண்புகளையும் மரபணு ஒப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தே உறவை முடிவு செய்கிறார்கள்.

மறுநாள் அந்த மாணவியிடம், “எறும்புக்கு எப்பவாவது இறக்கை பார்த்திருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“ஈசலா சார்?”

“ஈசல் கரையானோடது. ராணி எறும்புக்கும் அதுமாதிரி உண்டு. இடுப்பு குறுகி இருக்கும்.”

சிறிது நேரம் படங்களையே பார்த்தாள். பிறகு எறும்பைப் பிய்த்துக் குளவிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.